மாவடிப்பள்ளியில் நின்றுபோன மாப்பிள்ளை ஊர்வலம்

வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு முதலில் மூக்கில் வருவது பெற்றோலும் அத்தரும் கலந்த ஒரு மணம். ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வாப்பாவும் அவருடைய கூட்டாளிமாரும் எங்கள் வீட்டு வாசல் மணலில் மோட்டார் சைக்கிள்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சூடேறிய எஞ்சின்களில் எண்ணெய் காய்ந்து புகையும், அவர்களுடைய வெள்ளைச் சட்டைகளில் அத்தர் மணக்கும், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே வர உம்மா இரண்டு தரம் தும்முவா, தும்மிவிட்டு, "வந்துட்டுது படபடக் கூட்டம், சோத்த எறக்குங்க" என்பா.

'படபடக் கூட்டம்' என்பது கல்முனை ஊர் அவர்களுக்கு வைத்த பெயர். அவர்களாக ஒரு பெயரும் வைத்துக்கொள்ளவில்லை. தலைவரும் கிடையாது, சந்தாவும் கிடையாது. எட்டுப் பேர், எட்டுச் சைக்கிள். இன்றைக்குப் பிள்ளைகள் அந்த மாதிரிச் சைக்கிள்களைப் பழசு என்று கொண்டாடுகிறார்கள், ஆனால் நான் ஒன்பது வயதுச் சிறுமியாக இருக்கும்போதே அவை பழசுதான். சிலது வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப் போனது, சிலது மலைநாட்டுத் துரைமார் வேண்டாமென்று விற்றது. ஊரில் காசுள்ளவர்கள் காருக்குப் போய்விட்டார்கள். இவர்கள்தான் அந்தக் கிழட்டு இரும்புகளைக் கட்டிக்கொண்டு, ஒருவருடைய சைக்கிளில் கழற்றியதை இன்னொருவருடைய சைக்கிளில் பூட்டி, கிடைக்காத சாமானைப் பட்டறையில் அடித்து எடுத்து, எட்டையும் ஓடவைத்துக்கொண்டிருந்தார்கள். வாப்பாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஆள் குந்துவதற்கு ஒரு தொட்டில் மாதிரி இணைத்திருந்தது, அதை நாங்கள் 'பெட்டி' என்போம். பெட்டியோடு சேர்த்து வாப்பாவின் சைக்கிளுக்கு நாங்கள் வைத்த பெயர் 'யானை'. காரைதீவுச் சின்னத்தம்பி அண்ணனுடையது 'சீக்காளி', ஏனென்றால் அது நான்கு தரம் இருமாமல் ஸ்டார்ட் ஆனதில்லை. தெருமுனையில் சத்தம் கேட்டதும் எது யாருடையது என்று நான் சொல்லுவேன். ராத்தா, என் அக்கா, அதிலும் கெட்டிக்காரி, அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டே சொல்லுவா.

சின்னத்தம்பி அண்ணன் காரைதீவில் வயல் செய்கிறவர், அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் தமிழர், மற்ற ஏழு பேரும் முஸ்லிம்கள். தொழுகை முடிகிற நேரத்தை வெயிலைப் பார்த்தே கணக்கெடுத்து, சரியாக எல்லோரும் வந்து சேரும்போது அவரும் வந்து சேருவார். பெரிய தட்டில் சோறு போட்டுச் சுற்றியிருந்து சாப்பிடுகிற சகன் சாப்பாடு அன்றைக்கு இரண்டு தட்டில் நடக்கும், நாலு பேர் ஒரு தட்டு. அவருக்காக வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஆக்குவதில்லை, கோழி அல்லது மீன். வாப்பா தன் பக்கத்து நல்ல துண்டையெல்லாம் அவர் பக்கம் தள்ளுவார், அவர் திருப்பித் தள்ளுவார், "ரெண்டு பேரும் அந்தக் கோழிய ஓட விடுறீங்களா, திங்கிறீங்களா?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். சாப்பிட்டுக் கைகழுவியதும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சின்களுக்குப் பக்கத்தில் குந்தினால் பின்னேரத் தொழுகை, அஸர் வரைக்கும் எழும்பமாட்டார்கள். பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் எட்டும் ஒன்றாகப் பொத்துவிலுக்குப் போய் வரும்.

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தன் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். எந்த அவசரமானாலும் சரி, நின்றவனை விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதைத் தவிர ஒரு வழக்கமும் இருந்தது: கூட்டத்தில் யாருடைய பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றாலும், மாப்பிள்ளையை 'பெட்டி'யில் ஏற்றி, எட்டுச் சைக்கிளும் சூழக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

ராத்தாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை சம்மாந்துறை. தகப்பன் இல்லாத பிள்ளை, தாய்மாமன் வளர்த்தவர். அந்த மாமன் பெரிய வயற்காரர், நெல்லு மில்லும் இருந்தது, எல்லோரும் அவரைப் 'போடியார்' என்றுதான் சொல்லுவார்கள். மருமகன் அந்த மில்லில் எஞ்சின் பார்க்கிறவர். போடியார் புதிதாகக் கார் வாங்கியிருந்தார், அதில் வைத்துத்தான் மருமகனைக் கொண்டுவர வேண்டுமென்று நின்றார். வாப்பாவோ வழக்கத்தை விடமாட்டேன் என்றார். கடைசியில் போடியார், "சரி, ஒங்கட வெளாட்டுச் சாமானிலேயே வரட்டும். நான் காரில பின்னால வாறன். அஸர் தொழுதவுடன் நிக்காஹ் நடக்கணும். என்ட மருமகனை ரோட்டில காயவச்சீங்க எண்டா அந்த எடத்திலயே திருப்பிக் கொண்டுபோயிருவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உம்மாவுக்கு இன்னொரு பயம். பெண்ணைக் கொடுக்கிற தகப்பன் வீட்டில் இருந்து, நிக்காஹ் செய்துவைக்கிற லெப்பையிடம் கை கொடுக்க வேண்டியவர். "நீங்க போனா லெப்பை ஆருட கையப் புடிக்கிற? பெட்டிச் சைக்கிள வேற ஆர்ட்டயாவது குடுங்களன்" என்று அவ கெஞ்சினா. 'யானை'யை வேறு ஒருவர் கையில் கொடுப்பதா? வாப்பா கேட்கவில்லை. வழி முழுக்க மாப்பிள்ளையின் மடியில் குந்தி, பூவும் அத்தர்ச் செம்பும் பிடித்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டுமென்று நான் அழுது அடம்பிடித்ததில் என்னையும் ஏற்றிக்கொண்டார். எட்டுச் சைக்கிளும் கழுவித் துடைத்து மின்னிற்று. சின்னத்தம்பி அண்ணன் ஒருபடி மேலே போய், என் ராத்தாவின் கலியாணத்துக்கென்று 'சீக்காளி'யின் பெற்றோல் தாங்கிக்கு மூடியோடு சேர்த்துப் புதிதாகப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தார்.

சம்மாந்துறையிலிருந்து புறப்படும்போது ஊரே தெருவில் நின்றது. மாப்பிள்ளை வெள்ளைச் சாரன், வெள்ளைக் கோட்டு, தலைப்பா, கழுத்தில் மாலை, வாயே திறக்காத மனிதர். மாவடிப்பள்ளி வரைக்கும் ராசாக்கள் போல வந்தோம். இரண்டு பக்கமும் வெட்டி முடித்த வயல், காற்றில் வைக்கோல் மணம். பாலத்தைத் தாண்டியதும் பின்னால் 'சீக்காளி'யின் சத்தம் நின்றுபோயிற்று. வாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பிரேக்கைப் பிடித்தார். எட்டும் நின்றது.

பிளக்கைக் கழற்றித் துடைத்தார்கள், ஸ்டார்ட் ஆகி ஐம்பது முழம் ஓடி நின்றது. காபரேட்டரைக் கழற்றி ஊதினார்கள், மறுபடியும் ஓடி மறுபடியும் நின்றது. ஒருவர் வயரைப் பார்க்கச் சொன்னார், ஒருவர் பெற்றோலில் தண்ணீர் என்றார், எட்டுப் பேரும் வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் குந்திவிட்டார்கள். போடியார் காரை விட்டு இறங்கி வந்தார்.

"இது என்ன வேல? மாப்பிள்ளையக் கொண்டுபோங்க. அந்தாள் பொறகு வரட்டும்."

"அப்பிடி எங்களுக்கு வழக்கமில்ல போடியார்" என்றார் வாப்பா, தலையைத் தூக்காமல்.

சின்னத்தம்பி அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாப்பாவை அவர் எங்கள் ஆட்களைப் போல அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். "நீங்க போங்க காக்கா. பிள்ளைட கலியாணம். நான் உருட்டிக்கொண்டு வாறன்."

"நீ உருட்டினா நாங்களும் உருட்டுற. பேசாம அந்த ஸ்பானரத் தா."

போடியார் மருமகனின் தோளைப் பிடித்தார். "எழும்புடா. கார்ல ஏறு. போவம் வீட்ட."

அப்போதுதான் அந்த மனிதர் வாயைத் திறந்தார். "என்னக் கூட்டிக்கொண்டு போக வந்த ஆக்கள் இஞ்ச நிக்கிறாங்க மாமா. நான் எப்பிடி வாற?"

"அப்ப இந்த ரோட்டிலயே கலியாணம் முடி. இனி மில்லுப் பக்கம் கால் வைக்காத" என்று சொல்லிவிட்டுப் போடியார் காரைத் திருப்பினார். மாப்பிள்ளைக்கு இனித் தாய்மாமனும் இல்லை, தொழிலும் இல்லை, கலியாணமும் நடக்குமோ தெரியாது. அந்த நிலையில் மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு 'சீக்காளி'யிடம் போனார். ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டார். நின்றதும் பெற்றோல் மூடியைத் திருகினார், உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் தலைகீழாகப் பிடித்து வெயிலில் பார்த்தார். தாங்கிக்குள் காற்றுப் போவதற்கு மூடியில் ஊசிக்கண் அளவு ஒரு துவாரம் உண்டாம். புதுப் பச்சைப் பெயின்ற் வெயிலில் இளகி அதை அடைத்துவிட்டிருந்தது. மாலையில் குத்தியிருந்த குண்டூசியை உருவி அவர் அதைக் குத்தித் திறந்தார். அவ்வளவுதான். சின்னத்தம்பி அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, "அழகு பாத்துக் கெட்டன்" என்றார். வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பொழுது சாய்கிற நேரம், பிந்திப்போன அஸர் தொழுகையை ரோட்டோரத்திலேயே தொழுதுவிட்டுப் புறப்பட்டோம், வழியில் மறுபடி எதுவும் நடந்துவிடாதபடி 'சீக்காளி'யை முன்னுக்கு விட்டு.

இவ்வளவும் நான் கண்ணால் கண்டது. வீட்டில் நடந்தது ராத்தா பிறகு எனக்குச் சொன்னது. அஸருக்கு நிக்காஹ் என்று பந்தல் நிறைய ஆட்கள், லெப்பை வந்து குந்தியாயிற்று, மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணின் வாப்பாவும் இல்லை. சம்மாந்துறையிலிருந்து வேறு வழியால் வந்த ஒருவர், போடியாரின் கார் திரும்பிப் போவதைக் கண்டேன் என்று சொல்லிவிட்டார். கலியாணத்துக்கு வந்தவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். ராத்தா மருதோன்றிக் கையால் முதலில் தோட்டைக் கழற்றினா, பிறகு காப்பு, பிறகு மாலை. எல்லாவற்றையும் ஒரு லேஞ்சித் துணியில் முடிந்து உம்மாவின் கையில் கொடுத்தா. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில், தெருக்கோடியில் ஒரு இருமல் சத்தம் கேட்டது. 'சீக்காளி'. அதற்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று எண்ணினாவாம். எட்டும் வந்ததும், "உம்மா, அந்த முடிச்சத் தாங்க" என்று கை நீட்டினா.

அதோடு முடியவில்லை. வாப்பா, சட்டையெல்லாம் எண்ணெயோடு, இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு பெண்ணிடம் சம்மதம் கேட்க வந்தார். நான் கதவு நிலையில் நின்றேன். இன்னாருக்கு உன்னைக் கொடுக்கச் சம்மதமா மகள் என்று கேட்டார். ராத்தா பேசவில்லை. வெட்கம் என்று நினைத்து மறுபடி கேட்டார். பேசவில்லை. மூன்றாம் தரம் கேட்கும்போது அவருடைய குரல் உடைந்துவிட்டது. போடியார் போன போது ஆடாத மனிதர், அப்போது ஆடிப்போனார்.

"எட்டுச் சைக்கிள் நிண்டிச்சே வாப்பா" என்றா ராத்தா. "ஏழு நல்லாத்தானே இருந்திச்சு. ஒண்ட அனுப்பி, இப்பிடி நிக்கிறம், வாறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

வாப்பா சாட்சிகளைப் பார்த்தார், சாட்சிகள் வாப்பாவைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் அந்த எட்டில் இரண்டுதான். "எங்க ஒருத்தருக்கும் அது நெனவே வரல்ல மகள்" என்றார் வாப்பா. திரைக்குப் பின்னாலிருந்து உம்மா, "எட்டுத் தலையில ஒரு மூளை" என்றா. ராத்தா சிரித்துவிட்டா, சிரித்த வாயால் "ஓம்" சொன்னா.

எங்கள் பக்கத்து வழக்கப்படி ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், எங்கள் வீட்டோடு வந்துவிட்டார், வாப்பாவின் சாமான் கடையைப் பார்த்தார். போடியார் ராத்தாவின் மூத்த பிள்ளை பிறந்த பிறகுதான் எங்கள் வாசலை மிதித்தார். கூட்டத்தின் சட்டமும் அன்றிலிருந்து கொஞ்சம் நீண்டது: எல்லோரும் நிற்க வேண்டும், ஒருவர் மட்டும் வீடுகளுக்குச் செய்தி கொண்டுபோக வேண்டும். அந்த வேலை மச்சானுக்கு. ராத்தா இட்ட சட்டம் என்று அந்த எட்டுப் பேரும் எங்கே போனாலும் சொல்லுவார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவே பயம் வந்து குந்திக்கொண்ட காலம் வந்தது. காரைதீவு எங்களுக்குக் கிட்டத்தான், ஆனால் அங்கிருந்து இங்கேயும் இங்கிருந்து அங்கேயும் யாரும் வரமாட்டார்கள். வருகிறவர்கள் குறைந்து வெள்ளிக்கிழமைச் சகன் ஒரு தட்டாயிற்று. அந்த நாட்களில்தான் வாப்பா மௌத்தானார். எல்லோரும் தடுக்கத் தடுக்க மச்சான் 'யானை'யை எடுத்துக்கொண்டு காரைதீவுக்குச் செய்தி சொல்லப் போனார். ராத்தா அவரைத் தடுக்கவில்லை. திரும்பி வரும்போது பெட்டியில் சின்னத்தம்பி அண்ணன் குந்தியிருந்தார். வாப்பாவைக் கிடத்தி அடக்கத்துக்குச் சந்தூக்கைத் தூக்கும்வரை வாசல் மணலில் நின்றார், பிறகு மச்சானே கொண்டுபோய் விட்டார்.

இப்போது அந்த மணல் இல்லை, கொங்கிறீற் ரோட்டு. வாப்பாவின் வீடும் 'யானை'யும் கடல் பொங்கி வந்த நாளில் போயிற்று. எட்டுப் பேரில் ஒருவரும் இல்லை, மச்சானும் ராத்தாவும் இல்லை. ராத்தாவின் மகன் இப்போது கழகம் நடத்துகிறான், பழைய மோட்டார் சைக்கிள் கழகம். பெயர்ப்பலகை, ஒரே நிறச் சட்டை எல்லாம் உண்டு, இருபதுக்கு மேலே ஆட்கள். நல்ல பிள்ளைகள். போன வெள்ளிக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். அவனைக் கேட்டேன்.

"காரைதீவுப் பக்கத்தால ஆரும் வாறல்லயா மகன்?"

"அவங்களுக்கு அங்க தனியா ஒரு கிளப் இரிக்கி சாச்சி."

"கோவமா?"

"சீ, கோவம் ஒண்டுமில்ல. அவங்க அவங்கட பாட்டில ஓடுறாங்க, நாங்க எங்கட பாட்டில ஓடுறம்."

"அப்ப ஒரு நாளைக்கு இஞ்ச சோத்துக்கு வரச் சொல்லன். கோழி ஆக்குறன்."

கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சைக்கிள்கள் என் வாசலால் வரிசையாகப் போய்விட்டன. கேட்டானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரண்டு தட்டுக்கும் காணும் என்று கோழி இரண்டை அறுத்துச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன்.