முகம் பார்த்து அழுத்திய விரல்

என் நாத்தனாருக்கு ஐம்பது வயது. தலை பாதி நரைத்தும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். படிப்பு ஏறவில்லை, கணக்கு வராது, ஒன்றைச் சொன்னால் புரிய நேரமாகும். ஆனால் துணி மடித்தால் இஸ்திரி போட்டது தோற்றுப்போகும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் அவளும் நானும்தான்.

ஒரு சலவைக் கூடத்தில் துண்டு மடிக்கிற வேலை தருவதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் தனியாக வந்து போனால்தான் வேலை. என் முழங்கால் இருக்கிற லட்சணத்தில் தினமும் துணைக்குப் போக முடியுமா?

இவளைப் போன்றவர்களுக்கென்று ஒரு கம்பெனி பஸ்ஸில் வழி சொல்லும் ஆப் ஒன்றைப் போனுக்குச் செய்து, இவர்களிடமே கொடுத்துச் சோதிக்கிறதாம். கூட்டிப் போனேன். நிறுத்தம் வரும்போது படம் காட்டி, "இறங்கணுமா?" என்று போன் கேட்கும். ஆமென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சோதிக்கிற பெண் எதிரே உட்கார்ந்தாள். பாப்பா எல்லாவற்றையும் சரியாக அழுத்தினாள்.

"சூப்பர் அக்கா! ஒரு தப்புகூட இல்ல!"

"பின்ன? நான் என்ன அண்ணியா, போனைத் தலைகீழாப் பிடிக்க?" என்றாள், கழுதை.

மறுநாள் ஒத்திகைக்குப் பஸ் ஏறினோம். நான் பின்சீட்டில். சலவைக் கூடம் வந்தது, போன் கேட்டது. பாப்பா பச்சைக்கும் சிவப்புக்கும் மேலே விரலை ஆட்டிக்கொண்டு பக்கத்து ஆளின் முகத்தையே பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டான். நிறுத்தம் போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரே கம்பெனிக்குப் போனேன்.

"இவ போனைப் பாக்கலம்மா, உன் மூஞ்சியப் பாத்தா. விரல் சரியான எடத்துக்கு வந்ததும் நீதான் பல்லைக் காட்டிடறியே!"

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. "தப்பு என்னோடதும்மா. எதிர்ல உக்காந்திருக்கக் கூடாது."

அடுத்த முறை பின்னால் உட்கார்ந்தாள். பாப்பா நாற்காலியோடு திரும்பிக்கொண்டாள். "ஏம்மா, கண்ணாமூச்சியா ஆடறோம்?"

பார்க்க முகம் இல்லாதபோது அவளுக்குத் திரையில் ஒன்றுமே விளங்கவில்லை. வரைந்த படத்தை எடுத்துவிட்டுச் சலவைக் கூட வாசலின் புகைப்படத்தையே போட்டார்கள். பச்சையும் சிவப்பும் போயின. இறங்குகிற இடத்தில் மட்டும் போன் நடுங்கி, "இறங்குங்க" என்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

போன் கைக்கு வந்ததும் கிளம்பினோம். பாப்பா தானாகவே இறங்கினாள். பின்னாலேயே நானும்.

"ஆள் போட்டாச்சேம்மா" என்றார் வாசலில் நின்ற சூப்பர்வைசர். "எத்தனை நாளைக்குக் காத்திருக்கிறது, சொல்லுங்க?"

அது பாப்பாவின் காதில் ஏறவில்லை. "அண்ணி, யார் மூஞ்சியும் பாக்கல. சரியா எறங்கிட்டேன்ல?"

"எறங்கிட்டேடி."

"அப்ப துண்டெல்லாம் எங்க?" என்று கதவுக்குள் எட்டிப் பார்த்தாள்.