பெடலை மிதிக்க ஓர் ஆள்

பாடாங் மேஹாவில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் என் வீட்டில் இப்போது நானும் ஒரு டீசல் பிக்கப்பும்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு என்னோடு மல்லுக்கு நிற்க மிச்சமிருந்தது அந்த வண்டி ஒன்றுதான். அதுவும் ஒருநாள், கூலிம் போகும் ஏற்றத்தில் எஞ்சின் கோளாறு என்று மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு, இனி இழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஜொகூரில் இருக்கும் மகளிடம் அதைச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, இன்னொரு தடவ வழியில நின்னுச்சுன்னா வித்துட்டு இங்க வந்துருங்க. தனியா அங்க என்னதான் செய்யிறீங்க?"

"சரிலா, நின்னா வர்றேன்," என்றேன் வீம்புக்கு.

மகள் வீட்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, ரிமோட் என் கைக்கு எப்போது வரும் என்று பார்த்திருக்கும் கிழவனாக நான் தயாரில்லை. ஆகவே அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் எண்ணெய் மில் லாரிகளுக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்துக் கிடந்தவன் நான், இதற்குப் போய் யார் பட்டறையில் நிற்பது?

வண்டியின் கோளாறுக் குறியைப் படிக்கும் கருவியைச் செருகினேன். எரிபொருள் அழுத்தம் குறைவு, கசிவு இருக்கலாம் என்று வந்தது. இருக்கலாமாம்! கோயில் வாசல் ஜோசியக்காரன்கூட இவ்வளவு மழுப்ப மாட்டான். தரையிலோ ஒரு சொட்டு டீசல் இல்லை. அடியில் அட்டையை விரித்து வைத்துக் காலையில் பார்த்தேன். பல்லி எச்சம்தான் இருந்தது.

இந்த மாதிரிக் கசிவு எஞ்சின் முக்கும்போதுதான் வெளியே தெரியும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் பானெட்டுக்குள் குனிந்து பார்க்க வேண்டும். முன்பெல்லாம் என் மனைவிதான் மிதிப்பாள். "மிதி" என்றால் மிதிப்பாள், "விடு" என்றால் விடுவாள். "சோறு பொங்குது, சீக்கிரம் பாருங்க" என்று உள்ளேயிருந்து கத்தவும் செய்வாள். இப்போது பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தேன். கட்டை நன்றாகவே மிதித்தது. பழக்க தோஷத்தில் "விடு" என்று சொல்லிவிட்டேன். எஞ்சின் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. நானே சுற்றிப் போய்க் கட்டையை உருவினேன். அழுகை வந்தது. பார்க்க ஆளில்லை என்பதால் அழுதும் தீர்த்தேன்.

கசிவு மட்டும் அகப்படவில்லை. அழுத்தக் குழாய்களை விரலால் தடவக் கூடாது, கண்ணுக்குத் தெரியாமல் பீச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும். அட்டைத் துண்டை நீட்டி நீட்டிப் பார்த்தேன். எல்லாமே கல்யாண வீட்டுப் பாத்திரம்போல் பளபளத்தன.

அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் வண்டியைக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைப்பது மனைவியின் வழக்கம். அவள் போன பிறகும் நான் விடவில்லை. பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கும் சோப்புப் போட்டுத் தண்ணீர் அடிப்பேன். கசிவின் தடத்தை வாராவாரம் நானே பக்தியோடு கழுவி ஊற்றியிருக்கிறேன். மடையன்!

அடுத்த வெள்ளிக்கிழமை தண்ணீர்க் குழாயை எடுத்தேன், திரும்பக் கீழே வைத்தேன். பொட்டில்லாத வண்டியைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அவளுக்கே ஏதோ குறை வைத்துவிட்டது போலிருந்தது. அப்படியே ஏறி, தோட்டத்துச் செம்மண் பாதை வழியாகக் கரங்கான் வரை ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் முழுக்கக் காய்ந்த தூசி. ஒரே ஒரு குழாயின் நட்டுக்குக் கீழே மட்டும் தூசி ஈரமாகக் கறுத்து ஒட்டியிருந்தது. அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து கழற்றினேன். முனையில் மயிரிழை விரிசல்.

சுங்கை பட்டாணியில் புதுக் குழாய் வாங்கி மாட்டினேன். பின்னால் செங்கல் ஏற்றிக்கொண்டு அதே ஏற்றத்தில் விட்டுப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. மேலே போய் ஓரங்கட்டி, மகளுக்குப் போன் போட்டேன்.

"கண்டுபுடிச்சிட்டேம்மா! பறக்குது. இனிமே எங்கயும் நிக்காது."



"நல்லதுப்பா," என்றாள். பிறகு மெதுவாக, "கீழ் ரூம காலி பண்ணி, உங்களுக்குக் கட்டில்கூடப் போட்டுட்டேன். அவரு ராத்திரி ஷிப்ட்டுக்குப் போயிட்டா வீட்டுல நான் மட்டுந்தான் இருக்கேன். நீங்க வந்துருவீங்கன்னு நெனச்சேன்."

இவளுக்கும் பேச ஆளில்லை என்பது அதுவரை என் மண்டையில் ஏறவே இல்லை. வண்டி நின்றால் வருகிறேன் என்று சொன்னவன் நான். நிற்காவிட்டாலும் வருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்டேன்.