அதற்கு முன்னால் என்ன பார்த்தது?

ஆய்வகத்தில் அவளுக்குத் தூசி என்றுதான் பெயர். வயதில் சின்னவர்களுக்குத் தூசி அக்கா. மூக்கைச் சிந்திக்கொண்டே திரிகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பதினொரு வருடமாக அவள் ஆராய்வது தொலைதூர விண்மீன் மண்டலங்களில் கிடக்கும் தூசியை.

புது நட்சத்திரங்கள் தூசிக்குள்தான் பிறக்கின்றன. நம் கண்ணுக்கு அந்தத் திரைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. ஆனால் சூடேறிய தூசி அகச்சிவப்பு ஒளியை விடும். அதை விண்வெளித் தொலைநோக்கி பிடித்துத் தந்துவிடும். இதில் ஒரு வில்லங்கம். சில மண்டலங்களின் நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்து அக்கம்பக்கத்தையெல்லாம் வாரி விழுங்கிக்கொண்டிருக்கும். அதுவும் தூசியைச் சூடாக்கும். இந்தச் சூடு பிறந்த நட்சத்திரங்களால் வந்ததா, கருந்துளையால் வந்ததா என்று பிரித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. அதுவும் வருடா வருடம் நீட்டிக்கப்படும் தற்காலிகப் பிழைப்பு.

அப்படிப்பட்ட ஒரு மண்டலத்தில், கருந்துளைக்கு மிகப் பக்கத்தில், மங்கலாக ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தாள். அவ்வளவு பெரிய தீனிக்காரனின் மூக்குக்கடியில் ஒரு நட்சத்திரக் கூட்டம் பிறந்து தாக்குப்பிடிக்கிறது என்றால் சும்மாவா? எல்லாரும் அதைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். காபி இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போதுகூட, “பாப்பா நல்லா இருக்காளா?” என்று கேட்பார்கள். அவளுடைய ஆய்வுக் குழுத் தலைவர் போகிற கூட்டத்திலெல்லாம் பாப்பா புராணம் பாடினார். நிரந்தர வேலைக்கான தேர்வுக் குழு அடுத்த வாரம் கூடுவதாக இருந்தது. அவள் கையிலிருந்த ஒரே துருப்பு பாப்பாதான்.

அந்தப் படங்களை எடுத்த விதத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தொலைநோக்கியைக் குளிரவைத்த திரவம் தீர்ந்துகொண்டிருந்த கடைசி வாரங்கள் அவை. கிடைத்த நேரமோ கொசுறு. வழக்கமாக ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே தொலைநோக்கியைத் துளி நகர்த்துவார்கள். நகர்த்த நேரம் பிடிக்கும். ‘நகர்த்தவே வேண்டாம், நின்ற நிலையில் நாலு படம்’ என்று எழுதிக் கொடுத்தவள் இவள்தான். நாலையும் ஒன்றாகக் கூட்டியதில்தான் பாப்பா தெரிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டதென்று தன் அக்கா வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அக்கா அங்கே கண் பரிசோதிப்பவள். சோதனை நாற்காலியில் ஒரு வெல்டர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

“அவரை ஏன்க்கா காக்க வச்சிருக்க?”

“வேலையிலருந்து நேரா வந்துட்டார். முகமூடி போடாம நெருப்பை வேற பாத்திருக்கார்.”

“ரெண்டே ரெண்டு தடவைதான்மா,” என்றார் வெல்டர், பள்ளிப் பிள்ளை மாதிரி.

“அந்த வெளிச்சம் கண்ணுல இன்னும் நிக்கும். இப்ப சோதிச்சா இல்லாத புள்ளியெல்லாம் இருக்குன்னு சொல்வார். யார் வந்தாலும் என் மொதக் கேள்வி, இதுக்கு முன்னாடி என்னத்தப் பாத்தீங்கன்னுதான்.”

தூசி சிரித்தாள். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

தொலைநோக்கியின் கண்ணுக்கும் இதே வியாதி உண்டு. பளீரென்ற நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதன் நிழல் கொஞ்ச நேரம் தங்கும். தன் நாலு படங்களின் வரிசைக்குள் அப்படிப் பளீர் நட்சத்திரம் எதுவும் குறுக்கே வரவில்லை என்று அவளும் பட்டியலில் சரிபார்த்திருந்தாள். ஆனால் அவளுடைய முதல் படத்துக்கு முன்னால் தொலைநோக்கி வேறு யாருக்கோ வேலை செய்துகொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. தெரியாமல் விட்டிருந்தால் மனசு ஆறும், தெரிந்ததையே விட்டிருந்தாள்.

திங்கள் காலை, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பதிவேட்டைத் திறந்தாள். அவளுடைய முதல் படத்துக்குச் சற்று முன்புதான் தொலைநோக்கி ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்திருந்தது. அதன் வெளிச்சம் தொலைநோக்கியின் கண்ணில் விழுந்த அதே இடத்தில்தான் பாப்பா. கூட்டி வைத்திருந்த நாலு படங்களையும் முதல்முறையாகத் தனித்தனியாகப் பிரித்தாள். முதல் படத்தில் வெளிச்சம் நூறு என்றால், அடுத்தடுத்து அறுபத்து மூன்று, நாற்பத்தொன்று, இருபத்தேழு. எந்த நட்சத்திரக் கூட்டமும் இருபது நிமிடத்தில் இப்படி அணையாது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு உண்மையிலேயே மூக்கைச் சிந்தினாள்.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மறுபடி பாக்க வழியில்லையா?” என்றார்.

“எதை வச்சு சார் பாக்கறது? அந்தத் தொலைநோக்கி அணைஞ்சு ரெண்டு வருஷமாச்சு.”

“தேர்வுக் குழு கூடி முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்.”

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் அந்த யோசனையோடு குடித்தனம் நடத்தினாள். ஆனால் பாப்பா என்று சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் இருபத்தேழு என்ற எண் முன்னால் வந்து நின்றது.

தேர்வுக் குழுவின் முன்னால் நாலு படங்களையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். “இது நட்சத்திரக் கூட்டம் இல்லை. என் தப்பு,” என்றாள். வேலை வேறொருவருக்குப் போனது.

அவளை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அக்கா உட்பட எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அந்தக் குழுவில் இருந்த ஒருவர், வெளியே போகும் ஒவ்வொரு படத்தையும் இவள் சரிபார்க்கட்டும் என்று எழுதிவிட்டார். அதுவும் தற்காலிகம்தான். இப்போது அவள் மேஜையைத் தாண்டாமல் எந்தக் கட்டுரையும் வெளியே போகாது. யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, அக்காவிடம் கற்றதுதான்.

போன மாதம் தலைவரே தன் படத்தோடு வந்தார். அவள் முன்னால் வெல்டர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதே தொலைநோக்கி முன்பு எடுத்து வைத்த படங்கள்தான்; வேறொரு மண்டலம், வேறொரு கருந்துளை, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி.

“இதுக்கு முன்னாடி என்ன சார் பாத்துச்சு?”

“வெறும் இருட்டுதான். நீயே பாத்துக்க.”

ஒரு மணி நேரம் பார்த்தாள். படத்துக்குப் படம் தொலைநோக்கி நகர்ந்திருந்தது. அதற்கேற்பப் படத்தில் புள்ளியும் இடம் மாறியிருந்தது; கண்ணில் தங்கிய நிழலென்றால் விழுந்த இடத்திலேயே நின்றிருக்கும். மங்கவில்லை. அது நிஜம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வயிறும் எரிந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

“என்னம்மா, தேறுமா?”

“எல்லாப் படத்தையும் தனித்தனியாப் பாத்தாச்சு சார்,” என்றாள் தூசி. “இதுக்குப் பேர் வைங்க.”