பூசணிக்கொடியைப் பிடுங்கிய சட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அக்கா சொல்வாள். வரட்டும். இதைக் கேட்டும் கோபம் வராதவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இலங்கையில் ஹாலிஎலைக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நானும் அக்காவும் இருக்கிறோம். அவள் கொழுந்து பறிக்கிறாள். நான் பதுளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் நான்கு பாய் விரிக்கும் அளவுக்கு நிலம். அதில் அக்கா பூசணி போட்டிருந்தாள். வாரத்தில் பாதி நாள் எங்களுக்கு அதுதான் கறி.

அந்தப் பூசணி சும்மா காய்க்கவில்லை. மேலே தேயிலை மலைக்கு மருந்து அடித்து அடித்துத் தேனீக்கள் வருவதே நின்றுபோயிருந்தது. பூ பூக்கும், பிஞ்சு பழுத்து விழும். அதனால் அக்கா விடியும்போதே எழுந்து, ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, ஒவ்வொரு பெண் பூவிலும் தடவிவிடுவாள். அதை முடித்த பிறகுதான் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவாள்.

போன வருஷம் தோட்டத்தில் ஒரு சட்டம் வந்தது. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டவாம். லயங்களைச் சுற்றி இந்த நாட்டுச் செடிகள் மட்டுமே நிற்க வேண்டும், தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் அவைதான் நல்லது என்று பெரட்டுக் களத்தில் தாள் ஒட்டினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லி அதில் ஒரு வரி இல்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள்.

மறுவாரம் தோட்டத்து உத்தியோகத்தர் இரண்டு ஆட்களோடு வந்தார்.

"பூசணி இந்த நாட்டுச் செடி இல்லம்மா. புடுங்கணும்."

"தேயிலை மட்டும் இந்த நாட்டுச் செடிங்களா ஐயா?" என்று கேட்டேன்.

அவர் அக்காவைப் பார்த்து, "ஒந் தங்கச்சிய உள்ள போகச் சொல்லு" என்றார்.

விரல் பருமன் பிஞ்சுகளோடு கொடி போனது. அந்த இடத்தில் இந்த நாட்டு மரமான நாகமரக் கன்றுகளை நட்டார்கள், சுவரிலிருந்து ஆறடியில். அது வளர்ந்தால் எங்கள் கூரைத் தகரம் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் யோசனை வரவில்லை. பிடுங்கிப் போட்ட கொடியிலிருந்து அக்கா பிஞ்சுகளைப் பொறுக்குவதைப் பார்த்து உத்தியோகத்தருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

"பாக்க வாறவங்க வந்துட்டுப் போகட்டும்மா. தேனீ வருதான்னு கேட்டா வருதுன்னு சொல்லு. பொறகு ஒரு மூலையில பூசணி போட்டுக்க."

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். கேட்டார்கள். உத்தியோகத்தர்தான் மொழிபெயர்த்தார். அக்கா உண்மையைப் போட்டு உடைப்பாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க, நெறைய வருதுங்க" என்றாள்.

அவர்கள் போனதும் பொரிந்து தள்ளினேன். "எதுக்கு அக்கா பொய் சொன்ன?"

"கறிக்கு" என்றாள். "வேற எதுக்கு?"

அடுத்த வாரம் அவள் பூசணி விதையை ஊறப்போட்டு, மூலையில் குழி தோண்டினாள். உத்தியோகத்தர் வந்து தடுத்தார். "வரைபடத்துல தேனீத் தோட்டம்னு ஏத்தியாச்சும்மா. இனி அங்க ஒண்ணும் போட முடியாது." அக்கா விதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் பூட்டன் காலத்திலிருந்து இந்த லயத்தில் இருக்கிறோம். படுத்து எழும்பும் காம்பராவுக்குக்கூட எங்கள் பெயரில் இன்றுவரை ஓர் உறுதிப் பத்திரம் கிடையாது. வராத தேனீக்கு ஒரே மாதத்தில் இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.