மலைக்குத் தெரியாத செலவு

மருந்துக் கடையில் கார்டை நீட்டிய காளீஸ்வரி, மெஷின் அருகே வருவதற்குள் அதை இழுத்துக்கொண்டு நூறு ரூபாய்த் தாளை வைத்தாள். கண் சொட்டு மருந்துக்குக் காசுதான். பழக்க தோஷத்தில் கை கார்டுக்குப் போய்விட்டது.

கார்டு அவளிடம் இருக்கிறது; கணக்கும் போனும் அவள் கணவன் ஜக்கையனிடம். மலையில் ஏலத்தோட்டக் காவல் அவனுக்கு. கீழே போடியில் அவள் கார்டைத் தேய்த்தால் கடையின் பெயரும் தொகையும் அங்கே அவன் சட்டைப்பையில் போய் விழும். பொழுது சாய்ந்ததும் விசாரிப்பான். ஆகவே அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் கார்டு. பூ, டீ, கண் மருந்து எல்லாம் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கி அவள் வாங்கும் சனிக்கிழமைச் சம்பளம்.

பேங்க்காரப் பையன் ஒருவன் கிரெடிட் கார்டு வாங்கச் சொன்னான். நாற்பத்தைந்து நாள் கழித்துக் கட்டினால் போதுமாம். சேதி எப்போது போகும் என்று மட்டும் கேட்டாள். வாங்கியதும் ஒன்று, கட்டச் சொல்லி ஒன்று, அதே போனுக்கு என்றான்.

"ஒரு சாமானுக்கு ரெண்டு வாட்டி பதில் சொல்லணுமா? போயிட்டு வாங்க தம்பி."

இரண்டு மாதமாகத் தட்டில் பச்சைக் காயும் வெளுத்த காயும் ஒன்றுபோலத் தெரிந்தன. மேற்பார்வை பார்க்கும் சிவரஞ்சனி இரண்டு முறை தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாவது முறை திரும்பினால் வேலை இல்லை. ஜக்கையனோ போன வருஷமே சொல்லிவிட்டான்: "கண்ணு மங்குச்சுன்னா அன்னைக்கே சோலிய விட்டுறணும்."

சனிக்கிழமைச் சம்பளத்தோடு கண்ணாடிக் கடைக்குப் போனாள். ஆயிரத்து நானூறு என்றார்கள். கையில் எண்ணூறு இருந்தது. அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிப் படி இறங்கியவள் திரும்பி ஏறினாள். கார்டைக் கொடுத்தாள். நான்கு எண்களையும் பார்க்காமலே அழுத்தினாள். இருட்டுவதற்குள் கண்ணாடி தயாராகிவிட்டது. அன்று போன் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு. முதல் ஜீப்பில் ஜக்கையன் வந்து இறங்கினான். கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கண்ணாடிக் கடையில ஆயிரத்தி நானூறா?"

"காய் தெரியல."

ஜக்கையன் அவள் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டான். எழுத்துத் தெரியக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்திருந்த போனை மெல்ல நெஞ்சருகே கொண்டுவந்தான். கேஸ், மளிகை, அதற்கு முந்தைய மளிகை என்று பழைய சேதிகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினான். கண்ணாடிக்காக அவள் நீட்டிய கையில் கீரைத் தண்டு இருந்தது.