வானத்து எக்ஸ்ரேயும் என் நெஞ்சு நிழலும்

விடாத இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தில் என் நெஞ்சில் ஒரு நிழல். காசநோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். பனியன் கம்பெனி முதலாளி, "நோயில்லைன்னு சீட்டு வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வர வேண்டாமுங்க" என்றார். மரியாதையாகத்தான் துரத்தினார்.

வேலை இல்லாதவனுக்குப் பொழுது போகாது. வேலம்பாளையம் படிப்பகத்தில் கோயமுத்தூர்க் காலேஜ் வாத்தியார் ஒருவர் பேசினார். நோட்டீசில் எக்ஸ்ரே என்று இருந்தது. போனேன்.

வானம் முழுக்க மங்கலாக எக்ஸ்ரே வருகிறதாம். காற்று தடுத்துவிடுவதால் ராக்கெட்டில் கருவி அனுப்பிப் பார்க்கிறார்களாம். அது கிட்டத்தில் பிறப்பதா, தூரத்தில் பிறப்பதா என்றுதான் தெரியவில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நட்சத்திரங்களுக்கு நடுவே இருட்டு மேகங்கள் இருக்கின்றன.

"மழை வருமுங்களா?" என்றார் ஒரு தோட்டக்காரர்.

"அந்த மேகம் இல்லீங்க. வாயுவும் தூசியும்."

"தூசிக்கு எதுக்குங்க ராக்கெட்டு? எங்க கம்பெனிக்கு வாங்க" என்றான் ஒரு தையல்காரன்.

வாத்தியாரும் சிரித்தார். மேகத்துக்குப் பின்னாலிருந்து வரும் எக்ஸ்ரேயை மேகம் மறைக்கும். நிழல் விழும். அந்த நிழலுக்குள்ளும் கொஞ்சம் எக்ஸ்ரே தெரிந்தால், அது மேகத்துக்கு இந்தப் பக்கம், நமக்குக் கிட்டத்தில் பிறந்தது. "நிழலைப் பார்த்தா, எது முன்னால எது பின்னாலன்னு முதல்ல கேளுங்க" என்றார்.

எனக்கு முதுகு அரித்தது.

பழனிக்கு வேண்டிக்கொண்டு திருநீற்றைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டியிருந்தேன். மலை ஏறும்வரை கழற்றக் கூடாது. அன்றைக்கு எக்ஸ்ரே படம் எடுத்தவர், "நெஞ்சுல எதுவும் இருக்கக் கூடாது" என்றார். முடிச்சை முதுகுக்குத் தள்ளிவிட்டேன். நெஞ்சில் இல்லையே.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன்.

"முதுகுல இருந்தா படத்துல விழாதா? என்ன மனுசனய்யா நீ!"

"நெஞ்சுன்னுதானுங்க சொன்னாங்க."

கழற்றச் சொன்னார். முருகனா வேலையா என்று கொஞ்ச நேரம் நின்றேன். கழற்றினேன். மேசையில் வைக்க மனசில்லை. டாக்டர் கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, செருப்பை உதறிவிட்டு வாங்கிக்கொண்டார்.

புதுப் படத்தில் நிழல் இல்லை.

"இருமலுங்க?"

"அது பஞ்சு. மூக்குல துணி கட்டு."

இங்கிலீஷில் எழுதிய சீட்டை முதலாளி தலைகீழாகப் பிடித்து முழுசாகப் படித்தார்.

"அப்புறம் ஏனுங்க நின்னுட்டிருக்கீங்க? மிஷினு சும்மா கெடக்குது, போங்க" என்றார்.