நகலுக்கு மனுப் போட்டேன், அக்கா பெட்டி கட்டினாள்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பொன்முடியில், பனிமூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு, என்னோடு கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கோர்ட் நகலை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவர்கள் மலை பார்க்க வந்தவர்கள். மலையும் தெரியவில்லை, பஸ்ஸும் வரவில்லை. தப்பிக்க வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறவன். பூர்விகம் நாஞ்சில் நாடு. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "வம்சாவளியை நான் எழுதித் தருகிறேன்" என்று ஒரு நாள் வாய் விட்டுவிட்டேன். தாத்தாவின் அப்பா வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேலே போக ஒரு வக்கீல் நண்பர் வழி சொன்னார். ராஜா காலத்தில் எங்கள் குடும்பத்தில் ஒரு பாகப்பிரிவினை கேஸ் நடந்திருக்கிறது. பாகம் கேட்டு வழக்குப் போட்டால் பங்குள்ள அத்தனை பேரையும் அதில் சேர்த்தாக வேண்டும், தொட்டிலில் கிடக்கிற குழந்தையைக்கூட விட முடியாது. யார் யாருடைய பிள்ளை, என்ன வயசு என்று எல்லாமே அதில் இருக்கும் என்றார். எங்கள் ஆட்கள் பாசத்தில் ஒரு வரி எழுதிவைத்ததில்லை. சண்டை என்றதும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்!

கோர்ட் ரிக்கார்டு அறையில் தேடிப் பிடித்து, நகலுக்கு மனுப் போட்டேன். என்ன காரணத்துக்காக என்று ஓர் இடத்தில் எழுத வேண்டியிருந்தது. 'குடும்ப வரலாறு' என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று எனக்கே தோன்றியது. வக்கீல் நண்பர், "சும்மா சொத்துரிமைன்னு எழுதுய்யா, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். நான் சும்மா எழுதுகிற ஆளா? 'ஸ்ரீவராகத்திலுள்ள வீட்டில் எனக்குள்ள உரிமையை நிச்சயித்துக்கொள்ள' என்று, வீட்டு நம்பரோடு, கையெழுத்துப் போட்டி மாதிரி எழுதிக் கொடுத்தேன்.

நகரத்துக்குள்ளேயே இருக்கிற அந்த வீட்டில்தான் அக்கா இருக்கிறாள். பெரியப்பா மகள். தனியாக இருக்கிறாள், மகள் துபாயில். அந்த வீட்டை அப்பா தன் அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தது வெறும் வாய்ச்சொல்லால். காகிதத்தில் ஒன்றும் கிடையாது. இன்னொரு விஷயம், எங்கள் சனங்களிடையே பழைய கேஸின் நகலை யாரும் படித்து ரசிக்க வாங்குவதில்லை. 'அவன் நகல் எடுத்துட்டானாம்' என்று ஒரு பேச்சு வந்தால், அடுத்த கல்யாணத்தில் இரண்டு பந்தி தனித்தனியாக உட்காரும் என்று அர்த்தம். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வம்சாவளியைப் படம் மாதிரி கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுபோய் நீட்டி, அவளை அசத்துவதாகத் திட்டம்.

பனி கொஞ்சம் விலகியபோது போன் சிணுங்கியது. குழுவில் அக்காவின் செய்தி.

"தம்பி, நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கோர்ட்டுக்கெல்லாம் போகாண்டாம். சாவியை அடுத்த வீட்டுல குடுத்துட்டு நான் போறேன்."

அதற்குக் கீழே, அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள் என்ற அறிவிப்பு. எங்கே போகிறாள் என்று எழுதவில்லை.

அதற்கு முந்தின வருஷம்தான் அவளுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பெரியப்பா ஒரு மதில் தகராறுக்காக வருஷக்கணக்கில் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து உருக்குலைந்ததை, தினமும் சாப்பாடு கொண்டுபோய்ப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். கோர்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு முகம் வெளுத்துவிடும்.

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்குள் சிக்னல் போய்விட்டது. எஸ்டேட் ஜீப் ஒன்று கீழே இறங்க நின்றது. ஓட்டுநர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த தமிழர். கெஞ்சி ஏறிக்கொண்டேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் போனை வெளியே நீட்டினேன். ஒரு வளைவில் மணி அடித்தது. அதற்கடுத்த வளைவில் ஸ்விட்ச் ஆஃப் என்று பதில் வந்தது.

"யாருக்கு சாரே, சீரியஸா?" என்றார் ஓட்டுநர்.

"எங்க அக்காவுக்கு. நான் கேஸ் போட்டுட்டேன்னு நெனைக்கிறா."

"போட்டீங்களா?"

"இல்லை. ஆனா போடப்போற மாதிரி எழுதிக் குடுத்திருக்கேன்."

அவர் ஒரு வளைவு முழுக்க யோசித்தார். "இதை எங்கிட்ட சொன்ன மாதிரியே அக்காகிட்ட சொல்லிராதீங்க. அடி விழும்."

மலையடிவாரத்து விதுரையில் இறங்கிப் பஸ் பிடித்தேன். அந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றது, நிறுத்தம் இல்லாத இடத்திலும் நின்றது. ஒவ்வொரு முறை நின்றபோதும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் வேறு இருக்கை தேடிக்கொண்டாள்.

ஸ்ரீவராகம் போய்ச் சேர்ந்தபோது கொட்டுகிற மழை. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. அக்கா வீட்டுக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. தட்டினேன், கத்தினேன். பதில் இல்லை. அடுத்த வீட்டுக்காரர்தான் குடையோடு வந்தார். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் கோர்ட் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நகல் கேட்டவர்கள் பட்டியலில் என் பெயரைப் பார்த்து, உள்ளே விசாரித்து, அக்காவிடம் சொன்னது அவர்தான்.

கதவுக்கு முன்னால் வந்து மறித்து நின்று, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "வேண்டா சாரே. உள்ளே கேற வேண்டா. அவங்க ஒத்தைக்கு இருக்காங்க. கேஸ் உண்டெங்கில் கோர்ட்டுல பாக்கலாம்."

"கேஸ் இல்லை அண்ணாச்சி! சாவி உங்ககிட்ட குடுத்தாளா?"

"இல்லை."

"இன்னைக்கு அவளைப் பாத்தீங்களா?"

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். காலையில் போட்ட பேப்பர் முற்றத்திலேயே நனைந்து கூழாகிக் கிடந்தது. குடை அவர் கையில் சாய்ந்தது. "தெய்வமே..." என்றார். அதற்குப் பிறகு நான் வாதி, அவர் எதிர்த்தரப்பு என்பதெல்லாம் போய்விட்டது. இரண்டு பேருமாகப் பின்பக்கம் ஓடினோம்.

பின்பக்கம் மதில். அவர் என்னைக் கீழிருந்து தள்ளினார். என் உடம்பு மதில் ஏறுவதற்காக வளர்த்த உடம்பு அல்ல. ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் என்று மேலே போய்ச் சிக்கிக்கொண்டேன். கழுத்தில் தொங்கிய பையில் கோர்ட் நகல். முன்னால் இருட்டாக அடுக்களை ஜன்னல். உள்ளே அசைவே இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சின்ன வயசுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பின்கதவு திறந்தது.

தலையெல்லாம் ஒட்டடையோடு அக்கா நின்றாள். மச்சில் ஏறிப் பழைய பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஓட்டின் மேல் மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்திருக்கிறது. மதில் மேலிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேஸ் போட்டவன் முன்வாசல் வழியா வந்தா என்னடே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை பெய்ததால் மானம் தப்பியது.

உள்ளே போனால் கூடத்தில் இரண்டு பெட்டி கட்டி வைத்திருந்தாள். மகள் வரும்வரை தோழி வீட்டில் இருக்கப் போகிறாளாம். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வம்சாவளி, வக்கீல், சட்டம் போட்டுத் தரும் திட்டம், எல்லாம். அவள் முகம் இளகவில்லை.

"உரிமையை நிச்சயிக்கணும்னு எழுதினியா, இல்லியா?"

"எழுதினேன்."

"பின்னே?"

"நாளைக்கே எனக்கு இதுல ஒண்ணும் வேண்டாம்னு பத்திரம் எழுதித் தரேன் அக்கா."

"நீ எழுதினதெல்லாம் போதும்."

நகலை வாங்கி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். "யாரு இது, மொத ஆளு?"

"நம்ம தாத்தாவோட அப்பா. அவருதான் வாதி."

"யாரு மேல போட்டிருக்காரு?"

"அவரோட அக்கா மேல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த அக்கா பொறவு என்னல ஆனா?"

எனக்குத் தெரியவில்லை. பெயர்களைப் பொறுக்குகிற வெறியில், கேஸ் எப்படி முடிந்தது என்று நான் பார்க்கவே இல்லை. கடைசிப் பக்கத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். தம்பி ஜெயித்திருந்தார். அவருடைய அக்கா, குழந்தைகளோடு, நாங்கள் உட்கார்ந்திருந்த இதே வீட்டைவிட்டு இறங்க வேண்டும் என்று தீர்ப்பு. அவள் பிள்ளைகள் பெயர், வயசு எல்லாம் முதல் பக்கத்தில் இருந்தது. அவர்கள் வழியில் வந்த ஓர் ஆளைக்கூட எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒரு கல்யாணப் பத்திரிகை வந்ததில்லை, ஒரு சாவுச் சேதி போனதில்லை.

அக்கா நகலை மடித்து என் பைக்குள் வைத்தாள். வாசலில் குமாஸ்தா அண்ணாச்சி இருமினார். "உள்ளே வாரும். வந்து இந்தப் பெட்டியை மச்சுல ஏத்தும். இறக்க வச்சது நீருதானே" என்றாள் அவரிடம். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, வேண்டாம்."

"வச்சுக்கிடு. இதுக்கு வேற ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இனிமே மதில்ல ஏறினா மதிலுக்கு யாரு செலவழிப்பா?"

அந்தச் சாவி இன்றும் என் கொத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு தடவைகூட அதைப் போட்டு நான் திறந்ததில்லை. முன்வாசலில் நின்று தட்டுகிறேன், அவள் நடந்து வருகிற சத்தம் கேட்கிற வரைக்கும் அன்றைக்குப் போலவே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அது அப்படியே அடித்துக்கொள்ளட்டும் என்றுதான் நினைக்கிறேன்.